வெள்ளிக்கிழமை டோக்கன்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் பதினேழு வருடம் டோக்கன் கொடுத்தவன் நான். பெயர் ராஜாராம். ஜி.எஸ்.டி. சாலையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் எங்கள் விளம்பரம் இருக்கும்: 'மூலம், பௌத்திரம், வெடிப்பு. ஆபரேஷன் இல்லாமல் நிரந்தர குணம். பிரதி செவ்வாய், வெள்ளி.' வைத்தியர் லட்சுமணனுக்கு அவர் அப்பா விட்டுப்போனது ஒரு நாற்காலியும் மூன்று லேகியமும். பட்டம் கிட்டம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் சோற்றில் மண் விழுந்திருக்கும். ஊரார் என்னைக் கம்பவுண்டர் என்றார்கள், நானும் மறுக்கவில்லை.

நோயாளி சொல்வதை வைத்தியர் உள்ளேயிருந்து உரக்கச் சொல்லுவார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேஸ் நோட்டில் எழுதுவேன். வருகிறவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியேறுவார்கள். பெண்கள் வருவது அபூர்வம். அந்த இடத்து நோயை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வதா? வீட்டுக்காரர் வருவார், சொல்லுவார், லேகியத்தை வாங்கிப் போவார். நான் நோட்டில் 'மனைவிக்காக' என்று எழுதிவிடுவேன். வராத ஆளுக்கு மருந்து கொடுப்பது வைத்தியர், வீட்டுக்காரர், நான், மூன்று பேரில் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

2003 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முகத்தை மூடாமல் ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். புடவை சுற்றிய குச்சி மாதிரி இருந்தாள். கட்டணத்தை மேஜைமேல் வைத்து, "டோக்கன் குடு" என்றாள். பெயர் கேட்டேன்.

"வேண்டா. சத்துணவு அமைப்பாளர்."

வேண்டாவைப் பற்றி அப்புறம் நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமம். வீட்டில் மூன்றாவது பெண். இனிப் பெண் வேண்டாம் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தது. சாமியிடம் கோபித்துக்கொண்டு அதற்குப் பெயரே வைக்காமல் பாப்பா என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. வேண்டா பத்தாவது பாஸ் செய்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தாள். முட்டை போடும் நாளில் ஒரு முட்டை குறைந்தால் சமையல்காரியை மட்டுமல்ல, தலைமை ஆசிரியரையே நிற்க வைத்துக் கேட்பாளாம். புருஷன் பக்தவத்சலத்துக்கு அச்சரப்பாக்கத்தில் உரக்கடை, கோயில் கமிட்டியில் ஒரு பதவி, அவற்றுக்கு ஏற்ற தொந்தி.

2002 மே மாதம் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. இரண்டு வாரம் பொறுத்துப் புருஷனிடம் சொன்னாள். அவர் செங்கல்பட்டில் கைராசியான வைத்தியர் இருக்கிறார் என்று லேகியம் வாங்கி வந்தார். தின்றாள். நிற்கவில்லை. மறுபடி வாங்கி வந்தார், மறுபடி தின்றாள். பதினோரு மாதம். காரத்தை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள். உடம்பு எட்டு கிலோ இறங்கியது. ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடத்தில் பருப்பு அண்டா பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள்.

கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த பாப்பா ஓடி வந்து, அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அக்காவைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

அறுவை செய்தவர் சாராள் என்ற பெண் டாக்டர். வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை, நாலு சின்ன ஓட்டை போட்டு, காஸ் அடித்து வயிற்றை உப்பவைத்து, ஒரு ஓட்டையில் கேமராவை விட்டு டி.வி.யில் பார்த்துக்கொண்டே மற்ற ஓட்டைகள் வழியாகக் குடலை வெட்டித் தைப்பேன் என்றார். வெட்டிய துண்டை வெளியே எடுக்க மட்டும் அடிவயிற்றில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கீறல். மறுநாளே நடக்க வைத்தார்கள். உள்ளே அடித்த காஸ் போகும்வரை வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது என்பாள் வேண்டா. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்களாம். கேன்சர் என்றால் தொப்புளுக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் அறுத்திருக்க வேண்டாமா? இது கொசு கடித்த தழும்பாட்டம் இருக்கிறதே, டாக்டரம்மா ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் அறுவையைப் படமாகப் பிடித்து ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேண்டா அதை வீட்டு டி.வி.யில் போட்டுக் காட்டினாள். அதன் பிறகு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பக்தவத்சலம் மட்டும் படம் ஆரம்பித்ததும் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். எத்தனை முறை போட்டாலும் எழுந்து போனார்.

சோதனை முடிவு வந்த நாளில்தான் அவளுக்குக் கோபம் பிடித்தது. கட்டியோடு சேர்த்து எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் ஏறியிருந்தது. ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறமும் திரும்ப வராது என்று எழுதித் தர முடியாது என்றார் டாக்டர்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று வேண்டா கேட்டிருக்கிறாள்.

"அடிச்சிச் சொல்ல முடியாதும்மா. ஆனா நெறிக்கட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்திருக்க வாய்ப்பு இருந்துது."

அந்த வாய்ப்பைத் தன்னிடமிருந்து பிடுங்கினவனைச் சும்மா விடுவதில்லை என்று அவள் தீர்மானித்தாள். வயிற்றைப் பிளந்த பழைய மாதிரி அறுவையாக இருந்தால் மாதக்கணக்கில் படுத்திருப்பாள், கோபமும் கொஞ்சம் தணிந்திருக்கும். நாலு ஓட்டை நாலு வாரத்தில் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. பஸ் ஏறி எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் வைத்தியரிடம் கத்துவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் உள்ளேயே போகவில்லை. டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், "உனுக்கு இன்னா, ரத்தமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் துண்டை இன்னும் இறுக்கினார். "வெக்கப்படாதே. எனுக்கும் ரத்தந்தான். இவன் லேகியத்தைப் பதினோரு மாசம் துன்னேன். அப்பால பாத்தா கேன்சர். கேமரா வுட்டுப் பாத்தியா? பாக்கலையா? அப்போ இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறே?"

பிறகு என்னிடம் வந்து, "இந்த டி.வி.ல சாமி பாட்டு போதும். இதப் போடு" என்று அந்தச் சி.டி.யை நீட்டினாள். நான் மாட்டேன் என்றேன். அவளே போட்டாள். டி.வி. நிறைய இளஞ்சிவப்புக் குடல், அதைப் பிடித்து நகர்த்தும் இரண்டு நீளக் கம்பிகள், நடுவில் வீங்கிக் கிடந்த அந்த இடம். விரலை வைத்துக் காட்டினாள்: "இதான் நானு." பெஞ்சில் பதினாறு பேர் இருந்தார்கள். படம் முடியும்போது ஐந்து பேர் இருந்தார்கள்.

வைத்தியர் வெளியே வந்து யாரம்மா நீ என்றார். உன்னைப் பார்த்ததே இல்லை என்றார்.

"நீ பாக்கலதான். பாக்காமயே பதினோரு மாசம் மருந்து குடுத்தியே" என்றாள்.

 மனைவிக்காக வாங்கிப்போகிறவர்கள் நூறு பேர் இருந்தார்கள். இவள் புருஷன் யார், எந்த ஊர் என்று கேட்டுக் கிளற அவருக்குப் பயம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள். மருந்து ஏற்றிய வாரத்தில்கூட, வாயெல்லாம் புண்ணாக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். டோக்கன் தரக் கூடாது என்று வைத்தியர் சொன்ன வாரம், கீழே மாடிப்படியில் உட்கார்ந்து ஏறுகிறவர்களைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் மோசம். திரும்பவும் டோக்கன் கொடுத்தோம். போலீசில் சொன்னோம். வந்த ஏட்டு அவளை அதட்டிவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வாரமே கேமரா டெஸ்டுக்குப் போனார் என்று கேள்வி.

இரண்டு வருடத்தில் முப்பது பேரையாவது அப்படி அனுப்பியிருப்பாள். முக்கால்வாசிப் பேருக்கு வெறும் மூலந்தான். இரண்டு பேருக்குக் கட்டி இருந்தது. நீ செய்வது பெரிய புண்ணியம் அக்கா என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"புண்ணியத்துக்கு வர்ல. இவன் கட்டையில போற வரிக்கும் இவன் பெஞ்சு காலியா கிடக்கணும், அதுக்கு வர்றேன்" என்றாள். சொல்லிக்கொண்டே விரல்களைத் தேய்த்தாள். மருந்து ஏற்றியதில் விரல் நுனி மரத்துப்போய், பள்ளிக்கூடத்தில் ஒரு முட்டையை உரிக்க முடியவில்லை, சூடு தெரியாமல் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் அவள் கண்ணைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

2005 ஆகஸ்டில் செவ்வாய்க்கிழமை நாலு பேர், வெள்ளிக்கிழமை இரண்டு மூன்று பேர் என்ற நிலைமை வந்தது. வைத்தியர் வக்கீலைப் பார்த்தார். அவள் புருஷனுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள் என்றாராம் வக்கீல். வைத்தியர் என்னைப் பழைய கேஸ் நோட்டுகளை எடுக்கச் சொன்னார். ஊரை வைத்துத் தேடினேன். அச்சரப்பாக்கத்திலிருந்து 2002 மே முதல் மாதாமாதம் வந்தவர் ஒரே ஒருவர். பக்தவத்சலம், வயது நாற்பத்தாறு. அவர் பெயருக்கு எதிரே 'மனைவிக்காக' என்று எங்கேயும் இல்லை. வைத்தியர் அவரைப் படுக்கவைத்து, விளக்கு அடித்துப் பார்த்து, உள்மூலம் இரண்டாம் நிலை என்று சொல்லியிருக்கிறார். நான் எழுதியிருக்கிறேன்.

நோய் தனக்கு என்று சொல்லி, மனிதர் தன் பின்பக்கத்தையே காட்டியிருக்கிறார். பெண்டாட்டிக்கு அங்கே நோய் என்று சொல்ல உரக்கடைக்காரருக்கு, கோயில் கமிட்டிக்காரருக்கு நாக்கு எழவில்லை. அவர் மூலத்துக்குக் கொடுத்த லேகியத்தை இவள் தின்றிருக்கிறாள்.

வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வேண்டா வந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எதிரிலேயே நோட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். "படிம்மா. உன் வூட்டுக்காரருக்குத்தான் நான் வைத்தியம் பண்ணேன். உனக்கில்ல. ரெண்டு வருஷமா என் தொழில நாசம் பண்ணியே, இப்ப இன்னா சொல்றே?"

அவள் படித்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. மரத்த விரலால் பக்கத்தைத் திருப்ப முடியாமல் என்னைத் திருப்பச் சொன்னாள். பதினோரு மாதத்தையும் படித்து முடித்தாள். ஒரு வரியில் நின்றாள்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுக்கா" என்றேன்.

"'எடை எட்டு கிலோ குறைவு. தலைசுற்றல். மலம் நூல் போல்.' அவரு நான் சொன்னத அப்படியே சொல்லிக்கீறாரு." வைத்தியரை நிமிர்ந்து பார்த்தாள். "உன் எதிர்ல குந்தினு இருந்தவன் பூசணிக்காயாட்டம் கீறான். எட்டு கிலோ கொறைஞ்சவனாட்டமா கீறான்? ஒருவாட்டி அவன் மூஞ்சியப் பாத்திருந்தா யாருக்குய்யா நோவுன்னு கேட்டிருப்பே. நீயும் பாக்கல. எழுதின நீயும் பாக்கல."

 நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புருஷனோடு வந்தாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பக்தவத்சலம் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் நாலைந்து பேர். அவரை நடுவில் நிற்க வைத்தாள்.

"சொல்லு."

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம் வேண்டா."

"வூட்ல பேச இன்னா கீது? இங்கதான் படுத்துக் காட்டினே. இங்கயே சொல்லு."

 நோய் என் பெண்டாட்டிக்கு, வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு என்று சொல்லிவிட்டேன் என்று முனகினார். கேட்கவில்லை என்றாள். உரக்கச் சொன்னார். ரெண்டு வருஷமாக நான் வைத்தியரைத் திட்டித் தீர்க்கையில் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தாயே, அதையும் சொல் என்றாள். அதையும் சொன்னார். துண்டால் முகத்தை மூடியிருந்த ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு தண்டனையை அவளே எழுதினாள். வைத்தியர் கடையை மூடிவிட்டுத் திண்டிவனம் போகப் பார்த்தார். "எங்க போனாலும் அங்க வருவேன்" என்றாள். போர்டில் 'நிரந்தர குணம்' அழிந்து, 'ரத்தம் போனால் முதலில் கேமரா டெஸ்ட்' என்று ஏறியது. டோக்கன் கொடுக்குமுன் நோய் யாருக்கு என்று முகத்தைப் பார்த்து நான் கேட்க வேண்டும். பக்தவத்சலத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டோக்கன். பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஆண்களிடம் தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கோயில் கமிட்டியிலிருந்து அவரே விலகிவிட்டார். ஊரில் அவரை 'லேகியம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

2007-இல் நெம்மேலியிலிருந்து அருணகிரி என்று ஒரு வேன் டிரைவர் வந்தான். நோய் தனக்குத்தான் என்று என்னிடம் சாதித்தான். நான் நம்பி டோக்கனும் கொடுத்துவிட்டேன். பக்தவத்சலம்தான் அவனைக் கண்டுபிடித்தார். தோளில் கையைப் போட்டு மூலைக்கு அழைத்துப்போய் என்ன பேசினாரோ, பையன் அழுதுவிட்டான். மனைவிக்கு ஐந்து மாதமாக ரத்தம். மறுநாளே இவர் தன் காரில் இருவரையும் சாராள் டாக்டரிடம் அழைத்துப்போனார். குழாய் வழியாகவே எடுத்துவிடக்கூடிய சின்னக் கட்டி. ஓட்டைகூடப் போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மனிதர் முகத்தில் நல்ல வெளிச்சம். வேண்டாவிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு நின்றார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று நானும் எதிர்பார்த்தேன். "சரி, போயி குந்து. ஆள் வந்துகினு கீது" என்றாள்.

2008 மே மாதத்தோடு அறுவை முடிந்து ஐந்து வருடம். ஸ்கேன் சுத்தம். சாராள் டாக்டர் அவள் கையைப் பிடித்து, இனிமேல் நீங்கள் அடிக்கடி வர வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டினால் போதும் என்றாராம். அதை அவள் என்னிடம் சொன்னபோதுதான் ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவள் சிரிப்பதைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாள். வைத்தியருக்கும் ஒன்று வைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல்.

பக்தவத்சலம் அன்றைக்கு டோக்கன் வாங்கவில்லை. மேஜைக்கு முன்னால் அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொந்தி இறங்கியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்கு அறுபது மாதிரி இருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. போதும் விடு அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு ஏது யோக்கியதை?

"டாக்டரே உன்ன வுட்டுட்டாங்க வேண்டா," என்றார். "நீ என்ன வுட மாட்டியா?"

அவள் இனிப்புப் பெட்டியை மூடி நூலைக் கட்டினாள். மரத்த விரலில் முடிச்சு விழவில்லை. அவர் கட்ட வந்தார், பெட்டியை நகர்த்திக்கொண்டாள்.

"டாக்டருக்கு நான் நோயாளி. நோவு போச்சி, வுட்டுட்டாங்க. உனுக்கு நான் பொண்டாட்டி."

 அவர் என்னிடம் கையை நீட்டினார். நான் டோக்கனைக் கொடுத்தேன். பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.